கனகசெட்டிக்குளத்து வாசல்

என் கைப்பேசிக்குள் ஒரு சேவல் இருந்தது. வேலைக்காக வைத்திருந்த எச்சரிக்கைச் சத்தம் அது. முத்தியால்பேட்டையில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன இன்டர்நெட் கம்பெனியில் எனக்கு வேலை. வீடு வீடாக இணைப்புக் கொடுப்பவர்கள் நாங்கள். சர்வரில் எங்காவது ஓர் இணைப்பு விழுந்தால் சேவல் கூவும். அது நாள் முழுக்கக் கூவியது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்துக் கூவியது. பல் டாக்டர் என் வாய்க்குள் ஊசியைக் கொண்டுவரும்போது கூவி, அவர் கையை நடுங்க வைத்தது. என் கணவர் ஒரு நாள், "அதுக்குக் கொஞ்சம் நொய்யரிசி போட்டுப் பாரேன்" என்றார். நான் முறைத்த முறைப்பில் அன்றைக்கு அவரே காபி போட்டுக் குடித்தார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்பது என் கட்சி. வீட்டில் அதற்கு ஆதரவு இல்லை.

சேவல் அப்படிக் கூவியதற்குக் காரணம் உண்டு. சர்வருக்குள் போய்வரும் பாதைகளை இன்டர்ஃபேஸ் என்பார்கள். நான் வாசல் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். கேபிள் செருகியிருக்கும் நிஜ வாசல்கள் கொஞ்சம்தான். அவை தவிர, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் ரௌட்டரைப் போடும்போது அவருக்கென்று ஒரு தற்காலிக வாசல் முளைக்கும், அணைத்ததும் மறைந்துவிடும். எங்கள் கண்காணிப்பு மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். உழவர்கரையில் ஓர் அம்மாள் வெளியூர் கிளம்புமுன் சுவிட்சை அணைத்தால்கூட, வாசல் விழுந்துவிட்டது என்று திரையில் சிவப்பு காட்டி என் பையிலிருந்து கூவும். ஒரு தெருவில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். நிஜமான கேபிளே அறுந்து கிடந்தாலும் அத்தனை சிவப்புக்கு நடுவே எங்கள் கண்ணில் படாது. வாடிக்கையாளர் போன் செய்து நாலு வார்த்தை திட்டிய பிறகுதான் தேடவே ஆரம்பிப்போம்.

என்னோடு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டவள் கனகசெட்டிக்குளத்துப் பெண். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, அடுத்த தெருவில் மீன்பிடிக்கிற வீட்டுக்கே மருமகளாகப் போனவள். என்னைவிட ரொம்பச் சின்னவள், கம்ப்யூட்டர் படித்தவள், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அவள் ஊரும் புதுச்சேரிதான், எங்கள் ஊரும் புதுச்சேரிதான், ஆனால் நடுவில் தமிழ்நாடு குறுக்கே படுத்திருக்கிறது. பஸ் முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் போய், மறுபடி புதுச்சேரிக்குள் நுழைந்து, வடக்கு எல்லையில் அவளை இறக்கிவிடும். "நான் டெய்லி ஃபாரின் போயிட்டு வரேன்க்கா" என்பாள்.

அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. விடுப்பு முடியும் நேரத்தில், வீட்டிலிருந்தே திரையைப் பார்த்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டாள். பால்குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர அவளால் ஆகாது. வீட்டிலிருந்து வேலை, இல்லையென்றால் வேலையே இல்லை.

எங்கள் முதலாளியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அந்த வீட்டில் வளர்ந்ததால் முதலாளி எதையும், அப்போ என்பதற்கு "அலோர்" என்று ஆரம்பித்து, சரி நல்லது என்பதற்கு "சே போன்" என்று முடிப்பார். நடுவில் பேசுவதெல்லாம் அசல் முத்தியால்பேட்டைத் தமிழ்.

"அலோர், வூட்ல இருந்து பாரும்மா, நான் வேணான்னா சொல்றேன்? உங்க ஊரு லைன் வேற தங்கம். இத்தினி வருசத்துல அங்கேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்தது கிடையாது" என்றார். "ஆனா ஒண்ணு. எங்க லைன் போனாலும் கஸ்டமர் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லணும். அது முடியலன்னா வேற ஆள்தான் பாக்கணும். நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றுமில்லை. அதனால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

அவள் வீட்டில் சேவல் கூவ ஆரம்பித்தது. குழந்தை கண்ணை மூடும், சேவல் கூவும், குழந்தை வீல் என்று அலறும். சத்தத்தை நிறுத்திவைத்தால் நிஜமான ஒன்று தப்பிவிடும். அவளுடைய மாமியார் சந்தைக்குக் கூடை தூக்கிப் பழகிய கனத்த குரலில், "நீ சேவல வளக்கிறியா, புள்ளைய வளக்கிறியா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லு" என்று கேட்டுவிட்டாராம்.

"நான் நின்னுடவாக்கா?" என்று போனில் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நின்னுட்டு இன்னா பண்ணப் போற? நாளைக்குப் புள்ளையத் தூக்கிட்டு ஆபீசுக்கு வா. அந்தச் சேவல ரெண்டு பேரும் சேந்து அறுக்கலாம்" என்றேன்.

வந்தாள். குழந்தையை ஒரு துண்டில் சுற்றி என் மேஜைமேல், இரண்டு திரைகளுக்கு நடுவே படுக்கவைத்தோம். சர்வர்களின் விசிறி இரைச்சல் அதற்குத் தாலாட்டாகிவிட்டது போல. ஏசி குளிரில் அசந்து தூங்கியது.

வாசல்களுக்குப் பெயர் உண்டு. ஓர் இனத்து வாசல்கள் எல்லாம் ஒரே எழுத்துகளில் ஆரம்பித்து ஓர் எண்ணில் முடியும். வீட்டுக்காரர்களின் தற்காலிக வாசல்களுக்கு ஒரு தொடக்கம், கேபிள் செருகியவற்றுக்கு வேறு தொடக்கம். ஆகவே ஒவ்வொரு வாசலாகக் குறிப்பிட வேண்டியதில்லை. இப்படி ஆரம்பித்து, பின்னால் எண் மட்டும் வருவதைக் கவனி, மற்றதை விட்டுவிடு என்று மென்பொருளுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரியைத்தான் பேட்டர்ன் என்கிறோம். பார்ப்பதற்குப் புள்ளி, நட்சத்திரம், தொப்பி போல ஒரு குறி, ஒரு டாலர் குறி என்று, மேஜைமேல் கிடந்த குழந்தை எழுந்து கீபோர்டில் அடித்த மாதிரி இருக்கும்.

முதல் தடவை எழுதிச் சேமித்ததும் திரையே காலியாகிவிட்டது. ஒரு வாசல்கூட இல்லை. "போச்சு, புதுச்சேரியே காணாமப் போச்சு" என்றாள். இரண்டாவது தடவை எல்லா வாசல்களும் திரும்பி வந்து நின்றன, ஆஃப் ஆனவை உட்பட. எங்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு. குழந்தை எழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்கு விக்கல் எடுத்தது.

பிறகு நிதானமாக உட்கார்ந்து ஒவ்வோர் இனமாகக் கழித்தோம். நான் பட்டியலைப் படிக்கப் படிக்க, அவள் எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்லித் தட்டினாள். டனல் என்று ஓர் இனம் வந்தது. கேபிள் இல்லாமல் மென்பொருளிலேயே போடுகிற பாதை அது. எங்கள் பையன்கள் எதையாவது சோதிக்கப் போட்டுவிட்டு எடுக்க மறந்த டனல்கள், ஊர்ப் பெயர் இல்லாமல் வெறும் எண்களாக, ஒரு குவியல் கிடந்தன.

"இதெல்லாம் இன்னாத்துக்கு?"

"சும்மா கெடக்குதுக்கா. மொத்தமாக் கழிச்சிவுடு."

கழித்துவிட்டோம். மூன்றாவது தடவை சேமித்தபோது திரையில் நிஜ வாசல்கள் மட்டும் வரிசையாக, எல்லாம் பச்சையாக நின்றன. சேவல் கூவவில்லை. நாங்கள் காத்திருந்தோம். அப்போதும் கூவவில்லை. கீழே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் மாடிவரை கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எழுந்து போய், அடுத்த தெருவில் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தேன், கைப்பேசியை மேஜையிலேயே விட்டுவிட்டு.

முதலாளி பச்சைத் திரையைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவ்வளவு அமைதியை அவர் அந்த ஆபீசில் கண்டதில்லை. "சத்தம் வரலன்னா நல்லாருக்குன்னு அர்த்தமா, இல்ல செத்துப் போச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். கேபிள் டிவி நடத்திய காலத்திலிருந்தே அவருக்கு ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் சர்வர் அலமாரிக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, ஒரு ஸ்டூலில் தட்டை வைத்துக் கற்பூரம் ஏற்றுவார். கும்பிட்டு முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு கேபிளைப் பிடுங்குவார். முக்கியமான வாசல்களுக்கெல்லாம் துணைக் கேபிள் உண்டு என்பதால் யாருக்கும் இணைப்பு நிற்காது. எங்கள் திரையில் மட்டும் சிவப்பு தெரியும். "அலோர், எதுன்னு சொல்லு" என்பார். சிவப்புக் கடலில் நாங்கள் எதையாவது உளறுவோம். அவர் வாட்டத்தோடு திரும்பச் செருகுவார்.

"ஆடி மாசம் பூரா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புடுங்குவேன். நான் புடுங்குனது எதுன்னு கற்பூரம் அணையறதுக்குள்ள அவ அங்கேர்ந்து போன்ல சொல்லட்டும். எல்லா வெள்ளியும் சொல்லிட்டா, வூட்ல இருந்தே வேல. ஒரு வெள்ளி வுட்டாலும் வேற ஆள்" என்றார்.

முதல் வெள்ளி அவர் கையை அலமாரியிலிருந்து எடுக்குமுன் போன் அடித்தது. "சார், ரெண்டாவது பொட்டி, மேல் வரிசை, கடைசி." முதலாளி கையிலிருந்த கேபிளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வெள்ளி அவள் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே பேசினாள். "ரோ ரோ ரோ... சார், உழவர்கரை லைன்... ரோ ரோ." அதற்கடுத்த வெள்ளி அவர் வேண்டுமென்றே இரண்டைப் பிடுங்கினார். இரண்டையும் சொன்னாள். கற்பூரம் பாதிகூட எரிந்திருக்காது. "சே போன்" என்றார் முதலாளி, கொஞ்சம் தோற்றவர் மாதிரி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் நான்தான் பாதாம்பால் வாங்கிக் கொடுத்தேன்.

கடைசி வெள்ளியன்று வழக்கம்போலக் கும்பிட்டார், பிடுங்கினார். திரையில் ஒரே ஒரு சிவப்பு, என் கையில் ஒரே ஒரு கூவல். எல்லாம் சரியாக இருந்தது. போன் வரவில்லை.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவள் நம்பருக்கு நான் அடித்துப் பார்த்தேன்; தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவள் வீடு கான்கிரீட் காலனி வீடு. உள்ளே செல்போன் சிக்னல் எடுக்காது. பேச்சும் எச்சரிக்கையும் எல்லாம் வீட்டு இன்டர்நெட் வழியாகத்தான். கற்பூரம் சின்னதாகி, நீலமாகி, அணைந்தது. முதலாளி கேபிளைத் திரும்பச் செருகினார். அவருக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம், கற்பூரத்தின்மேல் கோபம், போனை எடுக்காதவள்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று அதற்கு அடியில் ஒரு பயம்.

பூ வாடுமுன் போன் வந்தது. பின்னால் ஒரே காற்று, மீன் ஏலம் போடுகிற கூச்சல்.

"அக்கா, ஏலம் போடுற எடத்துல நிக்கிறேன். இங்கதான் சிக்னல் எடுக்குது. எங்க ஊர்ல நெட்டு பூராப் போச்சு. அங்க ஸ்கிரீன்ல காட்டுதா?"

பார்த்தேன். எல்லாம் பச்சை. "எங்கயும் செவப்பு இல்லியே. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"எங்க ஊரு பேரு இருக்குதா?"

தேடினேன். உழவர்கரை இருந்தது, முத்தியால்பேட்டை இருந்தது. கனகசெட்டிக்குளம் பச்சையிலும் இல்லை, சிவப்பிலும் இல்லை. திரையிலேயே இல்லை.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "ஐயையோ, டனல்" என்றாள்.

எங்கள் கேபிள் தமிழ்நாட்டைத் தாண்டிப் போக முடியாது. நடுவில் வேறொருவர் கேபிளை வாடகைக்கு எடுத்து, அதற்குள் ஒரு டனல் போட்டுத்தான் அவள் ஊருக்கு இணைப்பைக் கொண்டுபோயிருந்தோம். தினமும் பஸ்ஸில் அந்த வழியே ஃபாரின் போய்வந்தவளும், அதைக் கேட்டுச் சிரித்த நானும், மேஜைமேல் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஊரையே சும்மா கிடக்கிறது என்று கழித்துவிட்டிருந்தோம்.

"சார்கிட்ட குடுக்கா" என்றாள். கொடுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், இன்னைக்கு நீங்க எதப் புடுங்குனீங்கன்னு எனக்குத் தெரியாது. கற்பூரம் அணைஞ்சிருக்கும். ஆனா எங்க ஊரு லைன் நம்ம ஸ்கிரீன்ல இல்ல. அத நான்தான் கழிச்சிட்டேன்."

முதலாளி தாடையைத் தடவினார். "அலோர், இதுக்கு முன்னாடி அங்க போனதே இல்லியா?"

"இல்லாம இன்னா சார்? மாசத்துக்கு எத்தினியோ வாட்டி போவும்."

"அப்ப யாரும் போன் பண்ணலியே? ஒரு கம்ப்ளெயின்ட் வந்தது இல்லியே?"

"போன் பண்ணா யாரு சார் எல்லையத் தாண்டி வரப் போறாங்கன்னு வுட்டுடுவாங்க. ஆம்பளைங்க கடலுக்குப் போயிடுவாங்க. எங்க மாமியார் ரௌட்டர தலையில ரெண்டு தட்டுத் தட்டிட்டு படுத்துக்குவாங்க."

முதலாளி உட்கார்ந்துவிட்டார். தங்கம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த லைன். புகார் வராததை நல்ல லைனுக்கு அடையாளம் என்று நினைத்திருந்தார். சேவல் அவ்வளவு கூவிய காலத்தில் அந்த ஊர் எத்தனை முறை விழுந்து எழுந்ததோ, எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"அக்கா, பேட்டர்னத் தொற" என்றாள். காற்றுக்கு மேலே கத்திச் சொன்னாள், நான் தட்டினேன். டனல்களைக் கழி, ஆனால் இந்த ஒன்றை மட்டும் கழிக்காதே என்று அந்த வரியில் ஒரு சிறு சேர்க்கை. வெறும் எண்ணாக இருந்த அதற்கு ஊர்ப் பெயரையும் வைத்தேன். நடுவில் குழந்தை சிணுங்கியது. யாரோ ஒரு பெண்மணி "குடு நான் வச்சிக்கிறேன்" என்று வாங்கிக்கொள்வது கேட்டது. சேமித்தேன். திரை ஒரு முறை கண்சிமிட்டியது. கனகசெட்டிக்குளம் என்ற பெயர் முதல்முறையாக, நல்ல சிவப்பில் வந்து நின்றது. ஆபீசில் இருந்த அத்தனை கைப்பேசியும் ஒன்றாகக் கூவின.

ஓர் எச்சரிக்கைச் சத்தத்துக்கு நாங்கள் கைதட்டியது அன்று ஒரு நாள்தான். முதலாளியும் தட்டினார்.

லைன்மேன்கள் இருவரை வண்டி எடுக்கச் சொன்னார். பிறகு போனைப் பார்த்து, "அலோர், கேளும்மா. இன்னைக்கு நீ தோத்துட்ட. அது அதுதான்" என்றார். நான் எழுந்துவிட்டேன். வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி உட்கார வைத்தார். "ஆனா நான் வச்ச பரீட்சைதான் தப்பு. என் அலமாரியிலேயே புடுங்கிப் புடுங்கிப் பாத்தேன். அந்தக் கோடியில லைன் இருக்குதான்னு பாக்க இத்தினி வருசமா எனக்கு ஒரு ஆள் இல்ல. கஸ்டமர் யாரும் சொல்லல, நீதான் சொன்ன. நீ இங்க வராத. அங்கியே இரு."

மறுமுனையில், "அக்கா, சார் இன்னா சொன்னாரு? காத்துல சரியாக் கேக்கல" என்றாள். கேட்டிருந்தது அவளுக்கு. இன்னொரு முறை கேட்க ஆசை. நான் சொன்னேன், கத்திச் சொன்னேன், கீழே தையல் மிஷின் நின்றுவிடும் அளவுக்கு.

லைன்மேன்கள் கிளம்பும்போது முதலாளி மாடிப்படியில் நின்று, "அவ நாற்காலியையும் ஏத்திக்கினு போங்கடா. தரையில குந்திக்கினு எப்பிடி வேல பாப்பா?" என்று சொல்லி அனுப்பினார். சக்கரம் வைத்த நீல நாற்காலி. நன்றாகக் கட்டுங்கள், வழியில் உருண்டுவிடப் போகிறது என்று நான் அவர்களோடு சண்டை போட்டேன். வண்டி போன பிறகு மேலே வந்து, என் மேஜைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், இனி தினமும் பக்கத்தில் அவள் பேச்சு இருக்காதே என்றும் கொஞ்சம்.

சாலையோரம் வாய்க்கால் தோண்டிய இயந்திரம் கேபிளை அறுத்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஒட்டிவிட்டார்கள். சிவப்பு பச்சையானதும் வீட்டு இன்டர்நெட்டிலிருந்தே அவள் கூப்பிட்டாள்.

"நாற்காலி வந்துச்சா?"

"வந்துச்சிக்கா. மாமியார் ஏறிக் குந்திக்கினாங்க. எறங்கவே மாட்டேங்குறாங்க. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுக்கினு இருக்காங்க."

"அப்ப நீ?"

"நான் தரையிலதாங்க்கா குந்திக்கினு இருக்கேன். பாப்பா மடியில தூங்குது" என்றாள். "ஆனா வேலையில இருக்கேன்."